பரிசு விழுந்தால் வரி: வென்ற நாள் முதல் ரிட்டர்ன் வரை

ஜவுளிக்கடைக் குலுக்கலில் ஸ்கூட்டர், தொலைக்காட்சி வினாடி வினாவில் பணம், கேரள பம்பர் சீட்டில் லட்சங்கள் என்று எப்படி வந்தாலும் பரிசுக்கு 30 சதவீத வரி என்பது ஊரறிந்த செய்தி. அந்த முப்பதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்கள், இனி நமக்கும் வருமான வரித் துறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. பிடித்தம் செய்வது பரிசு கொடுப்பவரின் கடமை. கணக்குக் காட்டுவதும், குறைகிற வரியைக் கட்டுவதும் வாங்கியவரின் கடமை. முன்னது நடந்துவிட்டதால் பின்னது தீர்ந்துபோவதில்லை.

இங்கே சொல்லியிருப்பது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு, 2025-26 நிதியாண்டில், அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை கைக்கு வந்த பரிசுகளுக்குப் பொருந்தும்.

உங்களுக்கு வந்தது எந்த வகை?

"நான் லாட்டரிச் சீட்டே வாங்கவில்லை. பட்டுப்புடவை வாங்கியதற்குக் கூப்பன் கொடுத்தார்கள், அதில் விழுந்தது" என்று பலர் வாதாடுவார்கள். செல்லாது. குலுக்கல் முறையிலோ, தற்செயலாகவோ, எந்தத் திட்டத்தின் பெயரிலோ பரிசு வழங்கினாலும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அதை லாட்டரிப் பரிசாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், தொலைக்காட்சியில் போட்டியிட்டு வெல்லும் நிகழ்ச்சிகள் எல்லாம் இதே கூடையில்தான். இவை அத்தனைக்கும் 115பிபி பிரிவின்படி ஒரே விகிதம், 30 சதவீதம்.

விதிவிலக்குகள் குறைவு. பொதுநலன் கருதி நிறுவப்பட்டு, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற விருதுகளின் தொகைக்கு 10(17ஏ) பிரிவில் வரிவிலக்கு உண்டு. கவிதைப் போட்டி, கட்டுரைப் போட்டி போன்றவற்றில் நடுவர்கள் பார்த்துக் கொடுத்த பரிசு 115பிபி சொல்லும் 'விளையாட்டு' என்ற வகைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. பரிசு கொடுத்தவர், பரிசுகளில் வரி பிடிப்பதற்கான 194பி பிரிவில் வரி பிடித்திருந்தால், துறையின் கணினி அதை 30 சதவீதப் பரிசாகவே பார்க்கும். தொகை பெரிதாக இருந்தால் இந்த ஒரு கேள்விக்காகவாவது ஆடிட்டரைப் போய்ப் பார்ப்பது நல்லது.

இணையத்தில் பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு முன் ஜெயித்து எடுத்த பணத்துக்கு வரி போய்விடவில்லை. அது 115பிபிஜே என்ற தனிப் பிரிவில் வருகிறது. விகிதம் அதே 30. பிடித்தத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லை என்பதே முக்கியமான வேறுபாடு.

மேடை ஏறுவதற்கு முன்

பரிசு அறிவித்ததும் பான் எண் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள். பான் கொடுக்காவிட்டால் வரி குறையும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குறையாது. அதே 30 சதவீதம் போகும், ஆனால் அந்தப் பணம் உங்கள் பெயரில் எங்கும் பதிவாகாது. ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடும்போது "வரி கட்டியாகிவிட்டது" என்று சொல்ல ஆதாரம் இருக்காது. பான் எண்ணும், அதில் உள்ள பெயரும், ஆதாரோடு இணைத்திருப்பதும் சரியாக இருக்கின்றனவா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று. பரிசின் முழு மதிப்பைக் குறிப்பிடும் கடிதம், பிடித்த வரியின் அளவு, பிடித்தம் செய்யும் நிறுவனத்துக்கு வரித் துறை கொடுத்திருக்கும் டான் எண். பிறகு, வரி பிடித்ததற்கான சான்றிதழான படிவம் 16ஏ வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் கொடுத்த பரிசுக்கு நவம்பர் 15க்குள்ளும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானதற்குப் பிப்ரவரி 15க்குள்ளும் அது கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குத் தெரியும்.

10,000 ரூபாய் வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். ஆடிக் குலுக்கலில் 9,000 ரூபாய் மிக்சி, தீபாவளிக் குலுக்கலில் 8,000 ரூபாய் வெள்ளி விளக்கு கிடைத்தால் யாரும் எதையும் பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்த 17,000 ரூபாய்க்கு 5,304 ரூபாய் நீங்களே கட்ட வேண்டியது. எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள்; சட்டம் அதுதான்.

கார் விழுந்தவர்களின் கதை தனி

பணப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். காரில் எந்தப் பாகத்தைப் பிடிப்பது? அதனால் சட்டம் இதற்குத் தனி வழி வைத்திருக்கிறது. பொருளாகக் கொடுக்கும் பரிசு என்றால், அதற்குரிய வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும். விழா மேடையில் தெர்மாகோலில் வெட்டிய ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான சாவி அலுவலகத்தில் மேசை டிராயரில் இருக்கும். மறுநாள் போனால், "காரின் மதிப்பு 8 லட்சம், வரி 2 லட்சத்து 40 ஆயிரம். கட்டிவிட்டு எடுத்துப் போங்கள்" என்பார்கள். ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. இது சட்டப்படியான நடைமுறைதான்.

கட்டுவதற்கு இரண்டு வழிகள். 2,40,000 ரூபாயை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தினால், அவர்கள் அதை உங்கள் பான் எண்ணுக்கு வரிப்பிடித்தமாகக் கட்டுவார்கள். அல்லது நீங்களே உங்கள் பான் எண்ணில் முன்கூட்டிய வரியாக, அதாவது நிதியாண்டு முடிவதற்குள் செலுத்தும் வரியாகக் கட்டி, செலான் என்ற ரசீதின் நகலை அவர்களிடம் கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. பணம் நேராக அரசுக்குப் போகிறது, ரசீது உங்கள் கையில் இருக்கிறது. சில நிறுவனங்கள் வரியைத் தாங்களே ஏற்பதாக விளம்பரத்திலேயே சொல்லிவிடும். கூப்பனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில் அதைத் தேடுங்கள். அப்படி ஏற்றாலும், 16ஏ படிவத்தில் என்ன தொகை காட்டுகிறார்களோ அதையே நீங்களும் வருமானமாகக் காட்ட வேண்டும்.

கையில் பணம் இல்லாமல் காருக்காகக் கடன் வாங்கி வரி கட்டுகிறவர்கள் பதிவுச் செலவு, இன்சூரன்ஸ் இரண்டும் யார் தலையில் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காருக்குப் பதில் பணமாகத் தருவார்களா என்று கேட்பதிலும் தவறில்லை. சிலர் தருவார்கள்.

இந்த "முதலில் வரி, பிறகு பரிசு" நடைமுறையைத்தான் மோசடிக்காரர்களும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வரும். அசோகச் சக்கரம், ரப்பர் முத்திரை, மேலாளரின் படம் எல்லாம் இருக்கும். "25 லட்சம் பரிசு விழுந்திருக்கிறது, வரியை மட்டும் அனுப்புங்கள்" என்று ஒரு கைபேசி எண்ணைக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்ப்பது எளிது. வருமான வரியைத் தனிமனிதரின் கணக்கிலோ, கைபேசி எண்ணுடன் இணைந்த யுபிஐ முகவரியிலோ கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். "என் பான் எண்ணில் நானே அரசுத் தளத்தில் கட்டி செலான் அனுப்புகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான நிறுவனம் சம்மதிக்கும். மோசடிக்காரர் "அதெல்லாம் நேரமாகும், இன்றே கடைசி நாள்" என்று அவசரப்படுத்துவார். போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை என்றால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. பணத்தை அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

முப்பதுக்கு மேல் எவ்வளவு?

பிடித்தம் 30 சதவீதம்தான். ஆனால் உண்மையான வரி, அதன்மீது செஸ் என்ற 4 சதவீதத் தீர்வையும் சேர்ந்து 31.2 சதவீதம். உள்நாட்டில் வசிப்பவருக்குப் பரிசு கொடுக்கும்போது செஸ்ஸைப் பிடிப்பதில்லை. ஆகவே ஒரு லட்சம் வென்றவருக்கு 30,000 பிடித்திருப்பார்கள், வரி 31,200, மிச்சம் 1,200 ரூபாயை அவர்தான் கட்ட வேண்டும். 8 லட்ச ரூபாய் காரில் இந்த மிச்சம் 9,600.

பரிசு பெரிதானால் மிச்சமும் வேகமாக வளரும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மீது சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி 10 சதவீதம், ஒரு கோடியைத் தாண்டினால் 15, இரண்டு கோடியைத் தாண்டினால் 25. வேறு வருமானமே இல்லாத ஒருவர் சரியாக ஒரு கோடி வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் பிடித்து 70 லட்சம் கொடுப்பார்கள். கணக்கோ இப்படி ஓடும்: வரி 30 லட்சம், சர்சார்ஜ் 3 லட்சம், செஸ் 1 லட்சத்து 32 ஆயிரம், மொத்தம் 34 லட்சத்து 32 ஆயிரம். இன்னும் 4,32,000 ரூபாய் பாக்கி. 70 லட்சத்தையும் மனையில் போட்டுவிட்டு நிற்பவருக்கு அந்த நான்கே கால் லட்சம் பெரிய தலைவலி.

கேரளத்தின் 25 கோடி ஓணம் பம்பரில் இது எந்த அளவுக்குப் போகிறது என்று பாருங்கள். முதலில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரை கோடி போகும். மீதி 22.5 கோடிக்கு 30 சதவீதம், 6.75 கோடி பிடித்தம். வங்கிக்கு வருவது 15.75 கோடி. அதற்குப் பிறகு சர்சார்ஜும் செஸ்ஸும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சேமிப்புக்குக் கழிவு தரும் பழைய வரி முறையில் 5 கோடிக்கு மேல் சர்சார்ஜ் 37 சதவீதம். புதிய முறையில் 25 சதவீதத்தோடு நிற்கிறது. பழைய முறையில் கடைசியில் கையில் தங்குவது சுமார் 12.88 கோடி, புதிய முறையில் சுமார் 13.72 கோடி. வித்தியாசம் 84 லட்சம். எல்ஐசி பிரீமியத்துக்குக் கழிவு கிடைக்கிறதே என்று பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பவர், அந்த ஓர் ஆண்டிலாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் கழிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சீட்டு வாங்கிய செலவு, விழாத நூறு சீட்டுகளின் விலை, போட்டிக்குச் சென்னை வரை வந்த ரயில் கட்டணம், எதுவும் கழிவில்லை. 80சி சேமிப்பும் பரிசுத் தொகையில் கழியாது. வேறு வருமானமே இல்லாதவர்களுக்கும் அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. "12 லட்சம் வரை வரியே இல்லையே" என்று கேட்பீர்கள். புதிய முறையில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி சிறப்பு விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்குக் கிடையாது. வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயரில் கூப்பன் போட்டால் வரி இருக்காது என்ற யோசனை இதனால்தான் எடுபடுவதில்லை.

பாக்கியை எப்போது, எப்படிக் கட்டுவது?

பிடித்தம் போக ஆண்டுக்கான வரி பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். தவணைகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. பரிசு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாதல்லவா, அதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. அக்டோபரில் விழுந்த பரிசுக்கு ஜூன், செப்டம்பர் தவணைகளைத் தவறவிட்டீர்கள் என்று வட்டி போட மாட்டார்கள். மிஞ்சியிருக்கும் தவணைகளில் கட்டினால் போதும். மார்ச் 15க்குப் பிறகு விழுந்தால் மார்ச் 31க்குள். தொழில் வருமானம் இல்லாத 60 வயதைக் கடந்தவர்களுக்கு முன்கூட்டிய வரியே இல்லை; ரிட்டர்ன் போடும்போது கட்டலாம்.

வருமான வரித் துறையின் மின் தாக்கல் தளத்தில் 'இ-பே டேக்ஸ்' என்ற இணைப்பு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்தால் ஓடிபி வரும். அடுத்து மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டு. அவசரத்தில் பலர் இங்கேதான் தவறாகத் தொட்டுவிடுகிறார்கள். 2025-26 நிதியாண்டில் விழுந்த பரிசுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. மார்ச் 31க்கு முன் கட்டினால் முன்கூட்டிய வரி, குறியீடு 100. அதற்குப் பின் ரிட்டர்னுக்காகக் கட்டினால் சுய மதிப்பீட்டு வரி, குறியீடு 300. வரி, சர்சார்ஜ், செஸ் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ எதிலும் கட்டலாம். செலானை அச்சிட்டு வங்கிக் கவுண்டரிலும் கட்டலாம். கட்டி முடித்ததும் வரும் ரசீதில் வங்கிக் கிளையின் 7 இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, 5 இலக்க செலான் எண் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சேமித்து வையுங்கள்.

ரிட்டர்ன்

பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டாலே, மூத்த குடிமக்களுக்கு 50,000 ரூபாயைத் தொட்டாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் ரிட்டர்ன் கட்டாயம். தொழில் வருமானம் இல்லாதவர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31.

உட்காருவதற்கு முன், உங்கள் பான் எண்ணில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். பரிசு கொடுத்தவரின் பெயர், டான் எண், அதன் கீழே 194பி என்ற பிரிவு, தேதி, கொடுத்த தொகை, பிடித்த வரி என்று ஒரு பதிவு இருக்கும். ஒரு லட்சம் வென்றிருந்தால், கொடுத்த தொகை என்ற இடத்தில் உங்கள் வங்கிக்கு வந்த 70,000 இருக்காது, முழு 1,00,000 இருக்கும். ரிட்டர்னில் காட்ட வேண்டியதும் இந்த முழுத் தொகையைத்தான். பாஸ்புக்கைப் பார்த்து 70,000 என்று எழுதினால் முரண்பாடு கண்டு நோட்டீஸ் வரும். அந்தப் பதிவே இல்லை என்றால், பிடித்தவர் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார். திருத்தம் அவர்கள் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்; மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் இந்த ஆண்டு உதவாது. லாட்டரி வகைப் பரிசு இருந்தால் ஐடிஆர்-2, தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3. அதில் 'இதர வழி வருமானம்' அட்டவணையில் 115பிபி என்று எழுதியிருக்கும் கட்டத்தில் முழுத் தொகையைப் போட வேண்டும். பொதுவான 'வேறு வருமானம்' கட்டத்தில் போட்டுவிட்டால் சாதாரண விகிதத்தில் வரி கணக்காகி, பின்னால் திருத்த வேண்டிவரும். அதே அட்டவணையின் அடியில், எந்தத் தேதிக்குள் பணம் வந்தது என்று காலவாரியாகக் கேட்கும். அதைக் காலியாக விடாதீர்கள். தவறிய தவணைகளுக்கு வட்டி போடாமல் இருப்பதற்குக் கணினி பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். பிடித்த வரி, கட்டிய செலான் இரண்டையும் சேர்த்தபின் பாக்கி பூஜ்யம் காட்ட வேண்டும். அனுப்பிய 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம்.

கூட்டாக வாங்கிய சீட்டு, குழந்தையின் பரிசு, வளைகுடா

தமிழ்நாடு 2003இல் லாட்டரி விற்பனையைத் தடை செய்துவிட்டது. எல்லையோர மாவட்டங்களிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போய், நாலைந்து நண்பர்கள் பணம் போட்டுச் சீட்டு வாங்குவது இன்றும் நடக்கிறது. விழுந்தால் ஒருவர் பெயரில் மட்டும் கோராதீர்கள். அப்படிக் கோரினால் மொத்த வருமானமும், பெரிய சர்சார்ஜும் அவர் தலையில் விழும். மற்றவர்களுக்கு அவர் பிரித்துக் கொடுப்பதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எல்லோர் பெயரையும் பான் எண்ணையும் பங்கையும் கோரிக்கையோடு எழுத்தில் கொடுத்தால், பிடித்த வரியை அவரவர் கணக்கில் சேர்க்க விதி 37பிஏ இடம் தருகிறது. குலுக்கலுக்கு முன்பே யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஒரு குறுஞ்செய்தியாவது இருப்பது நல்லது. கேரளச் சீட்டைக் குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தையின் பெயரில் குலுக்கலில் விழுந்த பரிசு, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேரும். பாட்டுப் போட்டியில் குழந்தை தன் திறமையால் வென்றது சேராது. அது குழந்தையின் சொந்த வருமானம். அதற்குக் குழந்தைக்கே பான் எண் வாங்கி, பெற்றோர் கையெழுத்திட்டுத் தனி ரிட்டர்ன் போட வேண்டும்.

துபாயிலோ அபுதாபியிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு அங்கே பரிசு விழுந்து, அங்குள்ள வங்கியிலேயே பணம் வாங்கினால், வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை இந்தியாவில் வரி இல்லை. ஊருக்கு அனுப்பினாலும் இல்லை. நிரந்தரமாகத் திரும்பி வந்து, வரிச் சட்டப்படி 'வழக்கமாக இந்தியாவில் வசிப்பவர்' என்ற நிலையை அடைந்த பிறகு விழுந்தால் உலகில் எங்கே விழுந்தாலும் வரி உண்டு. இங்கே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு லாட்டரிச் சீட்டுக்குப் பணம் அனுப்புவதோ, 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நடப்புக் கணக்கு விதிகளின்படி தடை செய்யப்பட்ட செயல். விழுந்தாலும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

2026 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும் பரிசுகளுக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. இங்கே சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் அதில் மாறுகின்றன. மதிப்பீட்டு ஆண்டு என்பது போய் வரி ஆண்டு என்று வருகிறது. மார்ச்சில் பரிசு வாங்கி ஏப்ரலுக்குப் பிறகு பாக்கி கட்டுகிறவர்கள் தளத்தில் பழைய சட்டத்தையும் 2026-27 மதிப்பீட்டு ஆண்டையும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.